பதினேழாவது கோடு

வீட்டு வேலை முடிந்து சாவி கைக்கு வந்த அன்று, இருபத்து நான்கு வருஷமாகக் குடியிருந்த வீட்டில் குளியலறை எங்கே இருக்கிறது என்று உமாதேவிக்குத் தெரியவில்லை.

கூடத்தின் தெற்குச் சுவரில் முன்பு மூன்று கதவுகள் இருந்தன. முதலில் குளியலறை, நடுவில் சாமி அறை, கடைசியில் அரிசி பருப்பு வைக்கிற சாமான் அறை. இப்போது அங்கே ஒரு கதவும் இல்லை. தரையிலிருந்து கூரை வரை சாம்பல் நிறத்தில் ஒரே பலகை. அதில் மேலிருந்து கீழாக, விரல் அகலத்துக்குக் கோடு கோடாகப் பள்ளமும் மேடும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். மைசூர் விஜயநகரில் ஒரு வேலையை முடித்துவிட்டுப் பஸ் ஏறும்போதே அவளுக்கு அவசரமாக இருந்தது.

"இங்க தள்ளுங்க ஆன்ட்டி," என்றான் மனோஜ்குமார். வீட்டை மாற்றிக் கொடுத்த இன்டீரியர்காரன். முப்பது வயதிருக்கும். தமிழும் கன்னடமும் ஒரே வேகத்தில் பேசுவான். அவன் விரல் வைத்த இடத்தில் சுவர் உள்ளே போனது. அதுதான் குளியலறைக் கதவு. கைப்பிடி கிடையாது, நிலை கிடையாது. தள்ளினால் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றான்.

மாறியது அது மட்டுமல்ல. இளம்பச்சையாக இருந்த மற்ற மூன்று சுவர்களும் சாம்பலாகிவிட்டன. கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டதில் மின்விசிறி தலைக்குச் சற்று மேலே சுற்றியது. டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் புல் ஒட்டி, அதன் மேல் இங்கிலீஷில் வளைந்து வளைந்து எரியும் விளக்கு எழுத்து. இது எங்கள் மகிழ்ச்சியான இடம் என்று அர்த்தமாம்.

உதயகுமார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தார். மேட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்.

"நல்லா இருக்குதல்ல?" என்றார் மனைவியிடம்.

"நல்லா இருக்குதுங்க," என்றாள் அவள்.

வெள்ளையடிப்பது என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. மகள் தமிழ்ப்ரியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீஸில் விஜய்குமார் என்று ஒரு பையன். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. பையனுக்குக் கொள்ளேகால். இவர்களுக்கும் பூர்வீகம் அதற்குப் பக்கத்து ஹனூர்தான். ஒரே ஜனம், ஒரே பேச்சு. மறுப்பதற்கு யாரிடமும் காரணம் இல்லை. பையனின் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. அவர்கள் வருவதற்குள் சுவரில் பெயர்ந்த இடங்களையாவது பூசிவிடலாம் என்றார் உதயகுமார். அங்கிருந்து இந்தச் சாம்பல் பலகைக்கு எப்படி வந்தது என்று உமாதேவிக்கு இன்று வரை விளங்கவில்லை. வேலை நடந்த ஒன்றரை மாதமும் இரண்டு வீடு தள்ளி ரூபாவின் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். தமிழ்ப்ரியா பெங்களூரிலிருந்து வீடியோ காலில் மனோஜ்குமாரிடம் பேசிப் பேசியே வேலையை நடத்தினாள். அப்பாவும் மகளும் ஆசைப்பட்டுச் செய்கிறார்கள், நடுவில் போய் நாம் என்ன சொல்வது என்று இவள் இருந்துவிட்டாள்.

புது வீட்டில் குடியிருக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரின் இடது ஓரத்திலிருந்து கோடுகளை எண்ணுவது. பதினேழாவது கோட்டில் கை வைத்தால் குளியலறை. நாற்பத்தி இரண்டில் சாமி அறை. அறுபத்தி ஆறில் சாமான் அறை. இரண்டு நாளில் கை பழகிவிட்டது. கணவருக்குப் பழகவில்லை. ஒருநாள் விடியற்காலையில் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக அவர் சாமி அறைக்குள் நுழைந்து, முருகன் படத்துக்கு எதிரே திகைத்துப்போய் நின்றார். அவள் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். அவரும் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை.

தூசி இன்னொரு தொல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் தூசி போய் உட்காரும். ஈரத்துணியைச் சுண்டுவிரலில் சுற்றி ஒவ்வொரு கோடாகத் துடைத்து முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். ரூபா வந்து பார்த்துவிட்டு "தும்பா சென்னாகிதே" என்று கன்னடத்தில் ஒரேயடியாகப் புகழ்ந்தாள். பிறகு கிளம்பும்போது, பழைய பச்சை நிறத்தை மறுபடி எதிலாவது அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று உமாதேவிக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலிலிருந்து வந்தார்கள். கந்தசாமி மஞ்சள் வியாபாரி. வெள்ளை வேட்டி, சத்தமான பேச்சு. அவர் மனைவி மாதம்மா அதற்கு நேர் எதிர். அளந்துதான் பேசுவாள். வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று தலையை நிமிர்த்தி மேல்கூரையைப் பார்த்தாள், எரியும் எழுத்தைப் பார்த்தாள், சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே விஜய்குமார் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தான். தமிழ்ப்ரியா முந்தின நாளே வந்திருந்தாள்.

கேசரியும் பஜ்ஜியும் வைத்து, ஜாதகப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது மாதம்மா மெல்ல எழுந்து தமிழ்ப்ரியாவின் காதில் ஏதோ கேட்டாள். "அந்தச் செவுத்துலதாங்க அத்தை, தள்ளுனா திறக்கும்," என்று கை காட்டிவிட்டு அவள் காப்பி எடுத்துவர உள்ளே போனாள். கந்தசாமி அந்த வருஷத்து மஞ்சள் விலையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். உதயகுமார் கேட்டுக்கொண்டிருந்தார். மாதம்மா எந்த இடத்தில் தள்ளினாள் என்று யாரும் பார்க்கவில்லை.

காப்பி வந்து ஆறியும் போய்விட்டது. மாதம்மா வரவில்லை. உமாதேவி எழுந்துபோய்ப் பதினேழாவது கோட்டில் மெதுவாகத் தட்டினாள். பதில் இல்லை. தள்ளிப் பார்த்தாள். குளியலறை காலி. தரைகூட ஈரமாகவில்லை.

"உள்ள இல்லீங்களே," என்றாள்.

கந்தசாமி வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். விஜய்குமார் மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். எல்லோரும் கூடத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அமைதியில்தான் தட்டுகிற சத்தம் கேட்டது. சுவருக்குள்ளிருந்து வந்தது. எந்த இடத்திலிருந்து என்று தெரியவில்லை. உதயகுமார் பதறிப்போய் அங்குமிங்கும் தள்ளினார். சாமி அறை திறந்தது, மூடியது. குளியலறை மறுபடி திறந்தது. உமாதேவி கோடுகளை எண்ண ஆரம்பித்தாள். பதற்றத்தில் முப்பதிலேயே எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

சாமான் அறைக்குள் அரிசி டிரம்மின் மேல் மாதம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே விளக்கு ஸ்விட்சு இல்லை. அதுவும் கூடத்துப் பக்கம்தான். மற்ற இரண்டு கதவுகளைப்போல உள்பக்கம் பிடித்து இழுக்க இதில் ஒரு ஆணிகூட இல்லை. உள்ளே போய் யாரும் கதவைச் சாத்தப்போவதில்லையே என்று மனோஜ்குமார் அதை விட்டிருந்தான். மாதம்மாவின் நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. எவ்வளவு நேரம் தட்டினாளோ, கத்திக் கூப்பிடக் கூச்சப்பட்டிருக்கிறாள்.

"ஒண்ணுமில்லீங்க. சித்தெ உக்காந்துட்டேன்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று உமாதேவி பிற்பாடு பலமுறை நினைத்தாள். மாதம்மா குளியலறைக்குப் போய் வந்தாள், ஆறிய காப்பியைக் குடித்தாள், கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். கிளம்பும்போது கந்தசாமி, வீட்டை யார் செய்தது என்று கேட்டார். உதயகுமார் பெருமையாக மனோஜ்குமாரின் நம்பரைக் கொடுத்தார். தாங்கள் வீடு பார்க்க எப்போது வரட்டும் என்று இவர்கள் கேட்டதற்கு, சொல்லி அனுப்புகிறோம் என்று மட்டும் பதில் வந்தது.

ஐந்து வாரம் ஆகியும் சொல்லி அனுப்பவில்லை.

பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, அங்கே கை நனைத்தால்தான் அடுத்த பேச்சு. அந்த அழைப்பு வராமல் எல்லாம் நின்றுபோயிற்று. தமிழ்ப்ரியா விஜய்குமாரிடம் கேட்டால், வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது, அம்மாவே கூப்பிடுவார்கள் என்று பேச்சை மாற்றுகிறானாம். சாமான் அறையில் அடைபட்ட அவமானம்தான் காரணம் என்று உதயகுமார் நினைத்தார். ஜாதகத்தில் ஏதோ கண்டுபிடித்திருப்பார்கள் என்று உமாதேவி நினைத்தாள். ஒருநாள் மாதம்மாவுக்கே போன் செய்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் காதைக் கிழிக்கிறமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "அப்பறமா பேசறனுங்க," என்று சொல்லிவிட்டு மாதம்மா வைத்துவிட்டாள். அப்புறமும் பேசவில்லை. தமிழ்ப்ரியா போனில் அழவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் குரல் சிறியதாகிக்கொண்டே போனது.

கூப்பிடாமல் நாமாகப் போய் நிற்பது முறையில்லை என்று உதயகுமார் சொல்லிவிட்டார். அதனால் ஒரு புதன்கிழமை உமாதேவி, ஹனூரில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டாள். அக்காவைப் பார்ப்பதும் பொய்யில்லை. ஹனூர் பஸ் கொள்ளேகால் வழியாகத்தான் போகும். டி.நரசிபுரம் தாண்டியதும் என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் பேசிப் பார்த்தாள். எந்த வாக்கியமும் முடியவில்லை. கொள்ளேகாலில் இறங்கிவிட்டாள்.

மஞ்சள் கந்தசாமி வீடு என்றதும் கடைக்காரர் ஒருவர் வழி காட்டினார். கடைவீதிக்குப் பின்னால் நீளமான ஓட்டு வீடு. வாசலில் மணல் குவிந்திருந்தது, பக்கத்தில் பிரித்துப்போட்ட அட்டைப் பெட்டிகள். கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. வீட்டுக்குள்ளிருந்து போனில் கேட்ட அதே இயந்திரச் சத்தம் வந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தவளுக்கு, வந்த ஊரும் வீடும் ஒரு நொடி குழம்பிப்போயின. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கூடத்தில் ஒரு பக்கச் சுவரின் பாதிவரை சாம்பல் பலகை. அதே கோடு, அதே பள்ளம். ஆட்கள் இரண்டு பேர் அடுத்த பலகையைத் தூக்கி வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனோஜ்குமார் நின்றான்.

"ஆன்ட்டி, நீங்க எங்க இங்க?" என்றான் அவன். அவன் முகம் மாறிவிட்டது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று இவர்கள் கேட்டுக்கொண்டதாக, கேட்காமலே சொன்னான்.

முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி மாதம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். உமாதேவியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஆட்களை வேலையை நிறுத்தச் சொன்னாள். முற்றத்துக் கட்டிலின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கி உட்கார இடம் செய்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"முடிச்சுப்போட்டுக் கூப்பிடலாம்னு இருந்தமுங்க," என்றாள் மாதம்மா கடைசியில். "உங்க பொண்ணு அந்த மாதிரி வீட்ல வளந்த புள்ள. இங்க வந்து பாக்கறப்ப மூஞ்சி சுண்டிறக் கூடாதல்லங்க."

உமாதேவி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். அந்த மாதிரி வீடா? அந்தப் பலகை வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தமிழ்ப்ரியா வளர்ந்தது சிமெண்டுத் தரையில், மழைக்குச் சுவர் ஓதம் காக்கிற வீட்டில். அதைச் சொன்னாள். பிறகு, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள்.

"அக்கா, எனக்கு அது புடிக்கவே இல்லீங்க."

மாதம்மா தலையை அசைத்தாள். நம்பவில்லை. "என்ற மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்க நல்ல மனசுங்க அது."

நல்ல மனசு இல்லை என்று நிரூபிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று உமாதேவி நினைத்ததில்லை. கோடு எண்ணுவதைச் சொன்னாள். விரலில் துணி சுற்றித் துடைப்பதைச் சொன்னாள். புதுக் கூரைக்குள் மறைத்து வைத்த விளக்கைப் போட்டால் கணவர் காய்ச்சல்காரர் போல வெளுத்துத் தெரிகிறார், அதனால் அவர் இல்லாத நேரத்தில்தான் போடுகிறேன் என்றாள். மாதம்மா மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சோப்பு டப்பாவோடு சாமி அறைக்குள் போய் நின்ற கதைக்கு வந்ததும் மாதம்மாவின் வாய் ஓரம் துடித்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நான் அந்த இருட்டுல உக்காந்து என்ன நெனச்சேன் தெரியுங்களா," என்றாள் அடக்கிக்கொண்டு. "இந்த வீட்ல எனக்கொரு கதவு கண்டுபுடிக்கத் தெரியல. இவங்களோட எப்படி நான் சம்பந்தம் பண்ணிப் பேசிப் பழகப்போறேன்னு நெனச்சனுங்க. அழுகையே வந்துருச்சு."

"அப்ப இதை எதுக்குங்க இங்க போட்டீங்க?"

"அதான் சொன்னனே. உங்களுக்காகத்தான். எனக்கு எங்க புடிச்சுது? இவருக்கு வேணா புடிச்சிருக்கும்."

கடையிலிருந்து கந்தசாமி வரவழைக்கப்பட்டார். உமாதேவியைப் பார்த்துக் கும்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சத்தமான அந்த மனிதருக்குச் சத்தமே வரவில்லை. நம்பர் வாங்கியது ஒரு பேச்சுக்குத்தானாம். வீட்டுக்கு வந்து மாதம்மாதான் அந்தச் சுவரைப் பற்றியே நாலு நாள் பேசினாளாம். அவளுக்கு ஆசை போலிருக்கிறது என்று இவர் ஆளைக் கூப்பிட்டாராம். பயத்தில் பேசினேன், ஆசையில் இல்லை என்றாள் மாதம்மா.

எல்லோரும் மனோஜ்குமாரைப் பார்த்தார்கள். அவன் டேப்பை இழுத்து விட்டான், இழுத்து விட்டான்.

"என்னைக் கேட்டா? ஃபோட்டோ காட்டறாங்க, நான் செய்யறேன்," என்றான். "எங்க வீட்ல பழைய கதவுதான் ஆன்ட்டி. எங்கம்மா தொடவே விடமாட்டாங்க. உங்க வீட்டு டிசைன்கூட அங்கிள் செலெக்ட் பண்ணதுதானே. அப்பா அனுப்பிச்ச ஃபோட்டோன்னு சொல்லித்தான் உங்க பொண்ணு எனக்கு அனுப்பிச்சாங்க."

உமாதேவி அக்காவைப் பார்க்க ஹனூர் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் மைசூர் திரும்பிவிட்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தும் வெளியே ஒன்றும் கண்ணில் படவில்லை. மகள் தேர்ந்தெடுத்தாள் என்று வேலை தொடங்கும்போது கணவர் சொல்லியிருந்தார். கணவர் தேர்ந்தெடுத்தார் என்று இவன் சொல்கிறான். இவள் தேர்ந்தெடுக்கவில்லை, அது மட்டும் நிச்சயம். வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

சனிக்கிழமை தமிழ்ப்ரியா வந்ததும் அவள் இருவரையும் கூடத்தில் உட்கார வைத்து, கொள்ளேகாலில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கூப்பிடாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளக்கூட உதயகுமாருக்குத் தோன்றவில்லை. தமிழ்ப்ரியா போனை எடுத்துப் பழைய மெசேஜ்களைத் தேடினாள். இருந்தது. அப்பாவிடமிருந்து ஒரு படம், சாம்பல் பலகைச் சுவர். கீழே எழுத்து எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக அவள் உயர்த்திய பெருவிரல் படம் போட்டிருந்தாள்.

"எங்க ஃபேக்டரி குரூப்ல வந்துச்சு," என்றார் உதயகுமார். "இது செவுரா கதவான்னு உன்னைக் கேக்கலாம்னுதான் அனுப்பினேன். தமிழ்ல அடிக்க எனக்கு நேரம் ஆகும். அதுக்குள்ள நீ விரல் போட்டுட்ட. சரி, கொழந்தைக்குப் புடிச்சிருக்குன்னு விட்டுட்டேன்."

"நான் சும்னே போட்டேன்ப்பா. நீங்க எது அனுப்பினாலும் போடுவேன்," என்றாள் தமிழ்ப்ரியா. அப்பாவுக்கு இது வேண்டும் போலிருக்கிறது, ரிட்டயர் ஆகப்போகிறார், ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று நினைத்துத்தான் மனோஜ்குமாருக்கு அனுப்பியிருக்கிறாள். பிளாஸ்டிக் புல்லும் எரியும் எழுத்தும் அவன் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தவை. அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தச் சுவரைப் பார்த்தால் ஆபீஸ் லிஃப்டுக்குள் நிற்பதுபோல இருக்கிறதாம்.

தமிழ்ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உமாதேவிக்கும் வந்தது. உதயகுமார் சிரிக்கவில்லை. சாம்பல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல உமா."

"நீங்க கேட்டீங்களா?"

"நல்லா இருக்குதல்லன்னு கேட்டனே."

"அது கேள்விங்களா?" என்றாள் அவள்.

அவர் யோசித்தார். அது கேள்விதானா என்று அவருக்கே இப்போது சந்தேகமாக இருந்தது. அவளுக்கும் அவரை அப்படிக் கேட்டிருக்க வேண்டாமே என்று இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் எத்தனை முறை அப்படிக் கேட்டு, அவள் எத்தனை முறை ஆமாம் சொல்லியிருப்பாள்? அதில் எதெல்லாம் உண்மையாகவே நன்றாக இருந்தது என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சாம்பாருக்கு உப்பு போதுமா என்று பார்க்க எழுந்து போய்விட்டாள்.

பலகையை எடுத்தால் சுவரெல்லாம் ஓட்டை, மறுபடி பூச வேண்டும், மறுபடி வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கு மூவருக்கும் தெம்பில்லை. அதனால் உதயகுமார் கடைக்குப் போய் நான்கு பித்தளைக் கைப்பிடிகள் வாங்கிவந்து, தானே திருகாணி முடுக்கி மூன்று கதவுகளிலும் மாட்டினார். சாமான் அறைக்கு உள்பக்கமும் ஒன்று. கோணலாகத்தான் வந்தது. ரூபா பார்த்துவிட்டு, இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்றாள். முன்பு அவ்வளவு புகழ்ந்தாயே என்று உமாதேவி கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரமே கொள்ளேகாலிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மூவரும் போனார்கள். மாதம்மா இலை போட்டுச் சாப்பாடு போட்டாள். அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள். ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று கந்தசாமி பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். தமிழ்ப்ரியாவும் விஜய்குமாரும் முற்றத்துப் பக்கம் போய் நின்று, எதற்காகவோ ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் மறைத்ததற்கு அவள் அவனை இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரிந்தது.

சாப்பிட்ட பிறகு கூடத்துச் சுவர் பற்றிப் பேச்சு வந்தது. பலகையை எடுத்தாகிவிட்டது. துளை போட்ட இடங்களைப் பூசிக் காயவும் வைத்தாகிவிட்டது. அய்யாவு என்ற பெயிண்டர் ஏணியோடு வந்து காத்திருந்தார். என்ன நிறம் என்று சொன்னால் மதியமே ஆரம்பித்துவிடுவேன் என்று கலர் புத்தகத்தை மாதம்மாவிடம் கொடுத்தார். தலையணை கனம் இருந்தது அது.

மாதம்மா உமாதேவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினாள். மஞ்சளில் மட்டுமே இருபது பக்கம். அவள் வீட்டில் இருந்த மஞ்சள் அதில் எங்கும் இல்லை. ஆரஞ்சு என்று நினைத்துப் பார்த்தால் அதற்குக் கீழே ஏதோ பழத்தின் பெயர் இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஒரு ரோஸ் நிறத்தில் மாதம்மாவின் விரல் நின்றது. நின்றுவிட்டு நகர்ந்தது. ஒரு பச்சையில் உமாதேவியின் விரல் நின்றது. பச்சை அடுப்படிக்குத்தான் சரியாக இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

"உங்களுக்கு எது புடிக்குதோ சொல்லுங்க," என்றாள் மாதம்மா.

உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதுவே என்று சொல்ல உமாதேவி வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். புத்தகத்தை இன்னொரு முறை ஆரம்பத்திலிருந்து பார்த்தாள். பிடிக்காத நிறங்களைக் காட்டச் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் காட்டியிருப்பாள்.

"எனக்குத் தெரியலீங்க அக்கா," என்றாள். "நெசமாத்தான் சொல்றேன்."

"எனக்குந்தான்," என்றாள் மாதம்மா. அதைச் சொன்னதில் அவளுக்கு ஏதோ பாரம் குறைந்தமாதிரி இருந்தது.

முற்றத்தைப் பார்த்துப் பிள்ளைகளைக் கேட்டார்கள். உங்களுக்குப் பிடித்ததை அடியுங்கள் என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தது. கந்தசாமி தூங்கிவிட்டிருந்தார். உதயகுமார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, பூச்சு நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மாதம்மா புத்தகத்தை மூடினாள். இப்போதைக்கு வெள்ளை அடித்துவிடலாம், கல்யாணத்துக்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். உமாதேவியும் அதுதான் சரி என்றாள். இருவரும் எழுந்து, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போகத் திரும்பினார்கள்.

அய்யாவு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பிரித்தார்.

"எந்த வெள்ளைங்கம்மா?" என்றார். "இதுல பதினாலு வெள்ளை இருக்குதுங்க."